மருந்தை வெல்லும் கிருமிகளும் சென்னையில் பிறந்த புது மருந்தும்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், பூவிருந்தவல்லியைக் கடந்து ஸ்ரீபெரும்புதூரை அடையுமுன் இருங்காட்டுக்கோட்டை என்னும் ஊர் வருகிறது. அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாக ஒரகடம் வரையில், முன்பு ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலப்பரப்பில் இன்று வரிசை வரிசையாகத் தொழிற்சாலைகள் நிற்கின்றன. கார், லாரி, மோட்டார் சைக்கிள், கண்ணாடி, கைபேசி ஆகியவை அங்கே உற்பத்தியாவதை அப்பகுதிப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் நன்கறிவார்கள். கிராமத்து இளைஞர்களும் பெண்களும் நாள்தோறும் அவ்வாலைகளுக்கு வேலைக்குச் சென்று வருகின்றனர். ஆனால் அதே வட்டாரத்தில் மருந்து செய்யும் ஆலைகளும் இருக்கின்றன என்பதும், அவற்றுள் ஒன்றை நடத்தும் நிறுவனத்தின் ஆராய்ச்சியிலிருந்து உலகமே எதிர்பார்த்திருந்த ஒரு புது மருந்து வெளிவந்தது என்பதும் பலருக்குத் தெரியாது.

ஆர்க்கிட் என்ற அந்த நிறுவனம் 1992 ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பெற்றது. திருப்போரூரை அடுத்த ஆலத்தூரில் மூல மருந்துகளைச் செய்யும் ஆலையையும், இருங்காட்டுக்கோட்டையில் அவற்றை நோயாளி உட்கொள்ளும் வடிவில் ஆக்கித் தரும் ஆலையையும் அது நிறுவியது. அதன் சென்னை ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்த மருந்தின் பெயர் என்மெட்டாசோபாக்டம். வாயில் எளிதில் நுழையாத பெயர்தான். ஆயினும் நெற்பயிருக்குத் தெளிக்கும் மருந்துகளின் பெயர்களைத் தலைகீழாகச் சொல்லும் நம் விவசாயிகளுக்கு இது ஒரு பொருட்டல்ல. 2024 பிப்ரவரி 22 அன்று அமெரிக்க நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் இம்மருந்துக்கு அனுமதி வழங்கியது. அடுத்த மாதமே ஐரோப்பிய ஒன்றியமும், அதே ஆண்டில் இந்திய அரசும் அனுமதி அளித்தன. பிற நாட்டார் கண்டறிந்த மருந்துகளைக் குறைந்த விலையில் செய்து விற்பதில் இந்தியா பெயர் பெற்றது. இந்திய மண்ணில் புதிதாகக் கண்டறியப்பட்ட ஒரு மூலக்கூறு அமெரிக்காவின் ஒப்புதலைப் பெறுவதோ மிக மிக அரிது.

இம்மருந்து எதற்கு வேண்டியதாயிற்று? இதற்கு விடை காண நாம் ஆலையை விட்டு வயலுக்கு வர வேண்டும்.

பருத்தி பயிரிடுவோர் காய்ப்புழுவை அறிவார்கள். ஒரு பூச்சி மருந்து புதிதாக வந்த ஆண்டில் புழுக்கள் கொத்துக் கொத்தாக மடிகின்றன. சில ஆண்டுகள் கழிந்ததும் அதே மருந்தை இரு மடங்கு அடித்தாலும் புழு அசைவதில்லை. மருந்து கெட்டுவிடவில்லை. ஆயிரம் புழுக்களில் ஒன்றிரண்டு இயல்பாகவே அம்மருந்தைத் தாங்கும் வலிவுடன் பிறந்தவை. மற்றவை செத்தபின் அவை மட்டுமே எஞ்சி, தடையின்றிப் பெருகி, வயல் முழுவதும் தம் இனமாகவே ஆக்கிவிட்டன. ஆன்டிபயாடிக் என்று மருந்துக் கடைகளில் வழங்கும் கிருமிக்கொல்லி மருந்துகளின் கதையும் இதுவே. ஆனால் புழு தலைமுறை மாறச் சில வாரங்களாவது ஆகிறது. நம் குடலில் வாழும் ஈ. கோலை என்ற நுண்கிருமிக்கு, உணவும் வெப்பமும் தடையின்றிக் கிடைக்குமாயின், இருபது நிமிஷம் போதும். அந்த வேகத்தில் ஒரு கிருமி பத்து மணி நேரத்தில் நூறு கோடிக்கு மேல் பெருகிவிடக் கூடும். மேலும், புழு தான் பெற்ற வலிவைத் தன் சந்ததிக்கு மட்டுமே தர வல்லது. கிருமியோ அண்டையிலுள்ள வேறு இனக் கிருமிக்கும் அவ்வலிவைக் கைமாற்றிக் கொடுத்துவிடுகிறது. சாதுவான ஒரு குடல் கிருமியிடமிருந்து கொடிய நோய்க் கிருமி இவ்விதம் மருந்தெதிர்ப்பைக் கற்றுக் கொள்கிறது.

இந்த அபாயம் புதிதாகத் தெரிய வந்ததன்று. பெனிசிலினை 1928 இல் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945 இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே இதை எடுத்துச் சொன்னார். தொண்டை நோவுக்குத் தானே பெனிசிலின் வாங்கி, போதாத அளவில் உட்கொண்ட ஒருவன் கிருமிகளைப் பழக்கிவிடுகிறான். அக்கிருமி அவன் மனைவியைத் தொற்றுகிறது. அப்போது பெனிசிலின் பயன்படாமல் அவள் இறக்கிறாள். அவர் கற்பனையாகக் கூறிய அந்த நிகழ்ச்சி இன்று எந்த ஊரிலும் நடக்கக் கூடியதாகிவிட்டது.

சென்னைக்கு இத்துறையில் நெடிய அனுபவமுண்டு. காசநோய்க்கு ஸ்டிரெப்டோமைசின் என்ற மருந்தைத் தனியே கொடுத்தபோது முதலில் தேறிய நோயாளிகள் பலர் மீண்டும் நலிவுற்றனர். கிருமி அம்மருந்தை வென்றுவிட்டது. இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றுக்குத் தப்பும் கிருமி மற்றொன்றுக்கு மடியும் என்பது அதிலிருந்து பெற்ற பாடம். 1956 இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், கூட்டு மருந்தைத் தவறாமல் உட்கொண்டால் ஏழை நோயாளி தன் குடிசையிலிருந்தபடியே குணமடையலாம், சானடோரியத்துக்குப் போக வேண்டியதில்லை என்று 1959 இல் மெய்ப்பித்து உலகத்தின் சிகிச்சை முறையையே மாற்றியது. 1972 இல் அண்டை மாநிலமான கேரளத்தின் கோழிக்கோட்டில் பரவிய டைபாய்டு ஜுரம், அதுவரை கைகண்ட மருந்தாயிருந்த குளோராம்பெனிகாலுக்கு அடங்கவில்லை. பின்னர் 2010 இல், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி முதலாசிரியராக இருந்து வெளியிட்ட ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை உலகையே திகைக்க வைத்தது. கடைசி ஆயுதமாக ஆஸ்பத்திரிகள் பாதுகாத்து வைத்திருந்த கார்பபெனம் வகை மருந்துகளையும் அழிக்கும் என்.டி.எம்.-1 என்ற நொதியை உடைய கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, இங்கிலாந்து முதலிய பிரிட்டிஷ் பகுதிகளில் 37 நோயாளி மாதிரிகளில் காணப்பட்டன என்று அது அறிவித்தது.

2019 ஆம் ஆண்டில் மட்டும் மருந்தெதிர்ப்புக் கிருமிகளால் நேராக விளைந்த மரணங்கள் உலகெங்கும் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் என 2022 இல் வெளியான ஒரு பெருங்கணக்கீடு கூறுகிறது. பிரசவம், குடலிறக்க அறுவை, டிராக்டரில் சிக்கிய கையின் காயம், புற்றுநோய்ச் சிகிச்சை ஆகிய யாவும் கிருமிக்கொல்லி மருந்து உண்டு என்ற நம்பிக்கையின் பேரிலேயே இன்று அச்சமின்றி நடைபெறுகின்றன. அம்மருந்து பயன்படாது போனால் இவை அனைத்தும் மீண்டும் உயிருக்குத் துணிந்து செய்யும் காரியங்களாகும்.

இனி, புது மருந்தை விஞ்ஞானிகள் எங்கே தேடுகிறார்கள் என்று பார்ப்போம். முதலில் தேடிய இடம் விவசாயியின் மண்தான். கோடை மழையின் முதல் தூறல் விழுந்ததும் நிலத்திலிருந்து ஒரு மணம் எழுகிறதல்லவா? அம்மணத்துக்குக் காரணம் மண்ணில் வாழும் ஸ்டிரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிர் இனம் உண்டாக்கும் ஒரு பொருள். இதே இனம்தான், மண்ணில் இடத்துக்கும் உணவுக்கும் போட்டியிடும் வேறு கிருமிகளைக் கொல்ல விஷங்களைச் சுரக்கிறது. அந்த விஷங்களே நமக்கு மருந்தாயின. 1943 இல் அமெரிக்காவில் கண்டறிந்த ஸ்டிரெப்டோமைசின் அவ்வாறு மண்ணிலிருந்து வந்தது. ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆராய்ச்சித் தலைவராயிருந்த லெடர்லி கூடத்தில் கண்டறியப்பட்ட ஆரியோமைசினும் மிசௌரி மாநிலத்து வயல் மண்ணிலிருந்து கிடைத்ததேயாம். புனாவுக்கு அருகே பிம்பிரியில் 1954 இல் நிறுவப்பட்ட அரசாங்கப் பெனிசிலின் தொழிற்சாலை ஆராய்ச்சியாளர்களும் தங்கள் சுற்றுப்புற மண்ணிலிருந்தே ஹாமைசின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தைப் பெற்றனர்.

ஆனால் மண்ணில் எளிதாகக் கிடைக்கக் கூடியவை சில பத்தாண்டுகளிலேயே எடுக்கப்பட்டுவிட்டன. புதிதாகத் தேடியவர்களுக்கு ஏற்கெனவே அறிந்த மருந்துகளே திரும்பத் திரும்பக் கிடைத்தன. ஆகவே ஆராய்ச்சியாளர் வேறு வழியையும் நாடினர். பழைய மருந்தைக் கிருமி எந்தத் தந்திரத்தால் வெல்கிறதோ, அந்தத் தந்திரத்தை முறியடித்துப் பழைய மருந்துக்கே மீண்டும் உயிர் கொடுப்பது அவ்வழி. என்மெட்டாசோபாக்டம் இவ்வகையைச் சேர்ந்தது.

அது வேலை செய்யும் விதத்தைச் சற்று விவரமாகச் சொல்வது தகும். கிருமியைச் சுற்றி உறுதியான ஒரு மதில் உண்டு. கிருமி வளர வளர அம்மதிலை இடைவிடாது கட்டிக்கொண்டே போக வேண்டும். அவ்வேலையைச் செய்யும் கொத்தனாரைப் போன்ற புரதங்கள் கிருமியினுள் இருக்கின்றன. பெனிசிலினும் அதன் உறவான செபலோஸ்போரின் மருந்துகளும் அக்கொத்தனாரின் கையைப் பற்றிக்கொண்டு விடுவதில்லை. மதில் வேலை நின்று கிருமி வெடித்து மடிகிறது. மனிதரின் உடற்கூறுகளுக்கு அத்தகைய மதில் இல்லாமையால் மருந்து நம்மைத் தீண்டுவதில்லை. இம்மருந்துகளின் உயிர்நாடி, நான்கு அணுக்கள் கைகோத்து நிற்கும் ஒரு சிறு வளையம். கிருமி என்ன செய்கிறது? பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியைச் சுரந்து, கத்தரிக்கோலால் நூலை நறுக்குவது போல அவ்வளையத்தை நறுக்கிவிடுகிறது. மருந்து செயலற்றுப் போகிறது. ஒரு கத்தரி நொடிக்கு நொடி பல மூலக்கூறுகளை நறுக்க வல்லது.

இக்கத்தரியின் வாயில் ஒரு கட்டையைச் செருகிவிட்டால்? இந்த யோசனையில் பிறந்தவையே தடுப்பு மருந்துகள். 1970களில் கிளாவுலானிக் அமிலமும், அதன்பின் சல்பாக்டம், டாசோபாக்டம் முதலியனவும் வந்தன. இவை தாமாகக் கிருமியைக் கொல்வது சொற்பம். கத்தரியின் வாயை அடைத்து, உடன் வரும் மருந்து தன் வேலையைச் செய்ய வழி விடுகின்றன. ஆஸ்பத்திரிகளில் பல ஆண்டுகளாக வழங்கும் பிப்பராசிலின்-டாசோபாக்டம் ஊசி இப்படிப்பட்ட இரட்டை மருந்தே. நாளடைவில் கிருமிகள் வலிவும் அகலமும் மிக்க புதுக் கத்தரிகளைப் பெற்றன. மூன்றாம், நான்காம் தலைமுறைச் செபலோஸ்போரின்களையும் அவை நறுக்கின. டாசோபாக்டத்துக்கு அவை முழுவதும் அடங்கவில்லை.

சென்னை ஆராய்ச்சியாளர்கள் செய்த மாறுதல் பார்வைக்கு மிகச் சிறியது. டாசோபாக்டத்தின் ஒரு முனையில் மெத்தில் என்ற சிறு அணுக்கூட்டம் ஒன்றைச் சேர்த்தனர். அதனால் அம்மூலக்கூறின் மின்னேற்றம் ஈடுசெய்யப்பட்டுச் சமநிலை பெற்றது. கிருமியின் வெளிச்சுவரைத் தாண்டி உள்ளே நுழைவது எளிதாயிற்று. பூட்டு மாறியபோது சாவியின் ஒரு பல்லை மட்டும் அரத்தால் தேய்த்துத் திருத்தும் கொல்லரின் வேலையை இதற்கு ஒப்பிடலாம். எந்தப் பல்லைத் தேய்ப்பது என்று கண்டுபிடிக்கத்தான் எண்ணற்ற மூலக்கூறுகளைச் செய்து செய்து பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தத் தடுப்பு மருந்தை, செபிபைம் என்ற நான்காம் தலைமுறை மருந்துடன் சேர்த்து நோயாளிக்கு இரத்தக் குழாய் வழியே செலுத்துகிறார்கள். எட்டு மணிக்கொரு முறை, செபிபைம் இரண்டு கிராமும் என்மெட்டாசோபாக்டம் அரைக் கிராமும், இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டும். ஆகவே இது ஆஸ்பத்திரியில் மட்டுமே பயன்படும் மருந்து. மாத்திரையாகக் கடையில் கிடைப்பதன்று.

கண்டறிந்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. 2013 இல் ஐரோப்பாவைச் சேர்ந்த அலெக்ரா என்ற சிறு நிறுவனம் உரிமம் பெற்று, மனிதரிடம் சோதிக்கும் பொறுப்பை மேற்கொண்டது. சிறுநீர்ப்பாதைக் கடுந்தொற்றும் சிறுநீரக அழற்சியும் கண்ட 1,041 பேரைப் பல நாடுகளில் சேர்த்து, ஒரு பாதியினருக்குப் புது மருந்தும் மறு பாதியினருக்குப் பழைய பிப்பராசிலின்-டாசோபாக்டமும் கொடுத்துப் பார்த்தார்கள். நோய்க்குறி நீங்குவதும் சிறுநீரில் கிருமி ஒழிவதும் ஆகிய இரண்டும் சேர்ந்தால்தான் வெற்றி என்று வரையறுத்தனர். முதன்மைக் கணக்கில் புது மருந்து பெற்றவரில் நூற்றுக்கு 79 பேருக்கும், பழைய மருந்து பெற்றவரில் நூற்றுக்கு 59 பேருக்கும் வெற்றி கிட்டியது. 2022 அக்டோபரில் இம்முடிவுகள் அச்சாயின. உரிமம் கைமாறிய நாளிலிருந்து அனுமதி பெற்ற நாள் வரை மட்டுமே பதினோர் ஆண்டுகள்.

இதன் எல்லையையும் சொல்லிவிடுவது நேர்மை. நாம் முன்னர்க் குறிப்பிட்ட என்.டி.எம். கத்தரியை இம்மருந்தால் அடைக்க முடியாது. அதன் அமைப்பு வேறு. துத்தநாக அணுவைக் கொண்டு வெட்டுகிற கத்தரி அது. புது மருந்தின் பெரும் பயன் வேறிடத்தில் உள்ளது. டாசோபாக்டத்துக்கு அடங்காத, ஆனால் என்.டி.எம். வரை போகாத கிருமிகள் நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் ஏராளம். இதுவரை அவற்றுக்கு மருத்துவர் எடுத்த ஆயுதம் கார்பபெனம். அதை எடுக்க எடுக்க, கார்பபெனத்தையும் வெல்லும் கிருமி பெருகிற்று. கார்பபெனத்தை உறையிலேயே வைத்திருக்க இப்புது மருந்து உதவுமாயின் அதுவே பெரிய லாபம்.

மருந்து கிடைத்த கதை இவ்வாறு இருக்க, அதைக் கண்டுபிடித்த நிறுவனத்தின் கதை வேறு. கடன் சுமையால் ஆர்க்கிட் நிறுவனம் 2017 இல் திவால் சட்ட நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. 2020 இல் தனுகா லேபரட்டரீஸ் என்ற நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டது. கடனுக்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றை இங்கே ஆராய வேண்டியதில்லை. ஆனால் கிருமிக்கொல்லி ஆராய்ச்சியில் இறங்கியவர்கள் தடுமாறுவது உலகெங்கும் காணும் காட்சி. அமெரிக்காவில் அகாவோஜன் என்ற நிறுவனம் 2018 இல் பிளாசோமைசின் என்ற புது மருந்துக்கு அனுமதி பெற்றது; 2019 இல் திவாலாயிற்று. காரணம் விளங்கக் கூடியதே. நீரிழிவுக்கு மருந்து செய்பவனிடம் நோயாளி ஆயுள் முழுவதும் நாள்தோறும் வாங்குகிறார். கிருமிக்கொல்லி ஒரு வாரத்துக்கு மட்டுமே தேவை. அதிலும் புது மருந்தை அவசியம் நேர்ந்தாலன்றித் தொடாதீர்கள் என்று நாமே சொல்கிறோம். விற்கக் கூடாத சரக்கை எவன் துணிந்து செய்வான்?

நம் ஏரிப்பாசனக் கிராமங்களில் இதற்கு ஒரு வழி நெடுங்காலமாகவே இருந்தது. மடையைக் காத்து நீர் பங்கிடும் நீர்க்கட்டிக்கு, எத்தனை தடவை மடை திறந்தான் என்று எண்ணிக் கூலி தருவதில்லை. அறுவடையில் இவ்வளவு நெல் என்று ஊரே அளந்து கொடுத்துவிடும். மடையைத் தேவையின்றித் திறக்க அவனுக்கு ஆசை எழ இடமில்லை. 2022 முதல் இங்கிலாந்து அரசாங்கம் ஏறக்குறைய இம்முறையையே கைக்கொண்டு, இரண்டு புதிய கிருமிக்கொல்லி மருந்துகளுக்கு, எவ்வளவு செலவானாலும் செலவாகாவிட்டாலும், ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைக் கொடுத்து வருகிறது. நம் நாட்டிலும் இம்முறை பரிசீலிக்கத் தக்கது என்பது நமது அபிப்பிராயம்.

பத்துப் பதினைந்து ஆண்டு உழைப்பில் வரும் மருந்தைச் சில ஆண்டுகளில் வீணாக்கிவிடுவது மட்டும் எளிது. இங்கேதான் கிராமத்தின் பங்கு வருகிறது. சளி, மூக்கொழுகல், பெரும்பாலான இருமல், பருவ மாறுதலில் வரும் ஜுரம் ஆகியவை வைரஸால் உண்டாவன. அவற்றின்மேல் கிருமிக்கொல்லி மருந்து சற்றும் வேலை செய்யாது. அது நம் குடலிலுள்ள சாதுக் கிருமிகளைத்தான் கொல்லும். எஞ்சியவற்றுக்கு மருந்தெதிர்ப்பைப் பழக்கும். ஊசி போட்டால்தான் வைத்தியம் என்றும், ஊசி போடாத டாக்டர் கைராசியில்லாதவர் என்றும் எண்ணும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் மாறவில்லை. இவ்வெண்ணத்துக்கு அஞ்சியே சில மருத்துவர்கள் வேண்டாத மருந்தை எழுதுகிறார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

சட்டம் இருக்கிறது. 2014 மார்ச் முதல் நடைமுறையிலுள்ள எச்-1 அட்டவணை விதியின்படி, உயர்ந்த வகைக் கிருமிக்கொல்லிகளையும் காசநோய் மருந்துகளையும் மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாது. சீட்டு எழுதியவர், வாங்கியவர், மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டு பாதுகாத்து வைக்கவும் வேண்டும். 2016 முதல் மத்திய அரசு நடத்திவரும் பிரசாரத்தில் மக்களுக்குக் காட்டப்பட்ட அடையாளம், மருந்து அட்டையின் மேல் ஓடும் சிவப்புக் கோடு. எழுத்தறியாத மூதாட்டியும் அக்கோட்டைப் பார்த்து, இது சீட்டில்லாமல் வாங்கும் மருந்தன்று என்று அறிந்துகொள்ளலாம். அடுத்த வீட்டார்க்கு மிஞ்சிய மாத்திரையைக் கேட்டு வாங்குவதும், நான்கு மாத்திரை மட்டும் போதும் என்று அட்டையை வெட்டி வாங்குவதும் நிற்க வேண்டும். மருத்துவர் எத்தனை நாள் சொன்னாரோ அத்தனை நாள் உட்கொள்ளுதல் முறை.

மனிதரைக் காட்டிலும் கால்நடைகளிடத்தில் நாம் இம்மருந்துகளைப் பற்றிக் குறைவாகவே சிந்திக்கிறோம். கறவை மாட்டுக்கு மடிநோய் கண்டால் மடிக்குள் செலுத்தும் மருந்துக் குழலைக் கடையில் தாமே வாங்கிச் செலுத்துவோர் பலர். மருந்தில் ஒரு பகுதி பாலில் வெளிவருகிறது. அந்தப் பாலுக்கு உறை ஊற்றினால் தயிர் சரியாக விழாததைச் சில வீட்டுப் பெண்கள் கவனித்திருப்பார்கள். மோரிலுள்ள கிருமியையும் மருந்து கொன்றுவிடுவதே காரணம். மருந்தின் உறையில் குறித்துள்ள நாள்கள் கழியும் வரை அப்பாலைக் கறந்து கொட்ட வேண்டுமேயன்றிக் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றலாகாது. நஷ்டம்தான்; ஆகவே நோய் முற்றாமல் தொடக்கத்திலேயே பார்ப்பது லாபம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி வகுத்துத் தந்து, தேசியப் பால்வள வாரியமும் பல மாநிலங்களில் பரப்பிவரும் மூலிகை முறை ஒன்று உண்டு. சோற்றுக் கற்றாழை கால் கிலோ, மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் இவற்றை அரைத்து, நீரில் கரைத்து, மடியை நன்கு கழுவிப் பாலைக் கறந்துவிட்டபின் ஒரு நாளில் பல தடவை பூச வேண்டும். ஐந்து நாள் விடாமல் செய்ய வேண்டும். மாடு ஜுரம் கண்டு தீனி எடுக்காமற்போனால் காத்திராமல் கால்நடை மருத்துவரை அழைப்பது அவசியம்.

கோழிப்பண்ணைகளில் நிலைமை இதனினும் கடுமை. நோயே இல்லாத கோழிக்கும், எடை விரைவில் ஏறுவதற்காகத் தீவனத்தில் கிருமிக்கொல்லியைக் கலந்து வந்தனர். மனிதருக்குக் கடைசி மருந்துகளில் ஒன்றான கொலிஸ்டினும் அவ்வாறு கோழித் தீவனத்தில் சென்றது. 2019 ஜூலையில் மத்திய அரசு, உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கும் கோழிகளுக்கும் கொலிஸ்டினைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. தீவன மூட்டையின் மேலுள்ள விவரத்தை வாசிப்பதும், கலவையில் என்ன சேர்கிறது என்று வியாபாரியைக் கேட்பதும் பண்ணைக்காரரின் உரிமை. மருந்து உண்ட பிராணிகளின் சாணத்திலும் எச்சத்திலும் மருந்தின் பகுதியும் மருந்தெதிர்ப்புக் கிருமிகளும் வெளியேறுகின்றன. ஆதலால் பச்சை எருவை நேராகக் கீரைப் பாத்தியில் இடாமல், நன்கு சூடேறி மக்கிய பின் இடுவது நல்லது.

கடைசியாக, ஆலைகளுக்கும் ஏரிகளுக்கும் இடையிலுள்ள பஞ்சாயத்துகளுக்கு ஒரு சொல். ஐதராபாத்தை அடுத்த பட்டஞ்சேருவில், பல மருந்து ஆலைகளின் கழிவு வந்து சேரும் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரை ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சோதித்து 2007 இல் முடிவை வெளியிட்டனர். ஒரு லிட்டர் நீரில் சிப்ரோபிளாக்சசின் மருந்து 31 மில்லிகிராம் வரை இருந்தது. மருந்து உட்கொண்டவரின் இரத்தத்தில் இருப்பதைவிட அது அதிகம். அத்தகைய நீரில் பிழைத்திருக்கும் கிருமி எதுவாயினும் அது மருந்தை வென்ற கிருமியாகவே இருக்கும். ஆலைக் கழிவில் கிருமிக்கொல்லி இவ்வளவுக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டும் நகல் விதிகளை மத்திய அரசு 2020 இல் வெளியிட்டது. 2021 இல் வந்த இறுதி விதிகளில் அவ்வரம்புகள் இடம்பெறவில்லை. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஆலைகள்மீது நாம் குறை கூறுவதாக எவரும் கொள்ள வேண்டாம். மருந்து ஆலை அமைந்துள்ள எந்தப் பஞ்சாயத்தும் கேட்கத் தக்க கேள்விகள் இவை: ஆலையின் கழிவுநீர் எங்கே செல்கிறது? சுத்தி செய்து ஆலைக்குள்ளேயே திரும்பப் பயன்படுத்துகிறார்களா? மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடைசியாக எப்போது மாதிரி எடுத்தது, அதன் முடிவு என்ன? செம்பரம்பாக்கம் ஏரி இவ்வட்டாரத்துக்கு அருகிலேயே உள்ளது. சென்னை மாநகரம் அதன் நீரைக் குடிக்கிறது.

இதே கேள்வி நம் வீட்டுக் கழிவுக்கும் பொருந்தும். கிராமத்தில் ஒருவர் உட்கொண்ட மருந்தும் அவர் குடலில் பழகிய கிருமியும் சாக்கடை வழியாக ஏரியையும் கிணற்றையும் அடைகின்றன. மலக்குழிக் கழிவை ஏற்றிச் செல்லும் லாரி அதை ஓடைக்கரையில் இறைத்துச் செல்லாமல் பார்த்துக்கொள்வது, மேல்நிலைத் தொட்டியில் குளோரின் தவறாமல் கலப்பது, ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாயிலில் கை கழுவ நீரும் சோப்பும் வைப்பது ஆகியவை பஞ்சாயத்தின் அன்றாட வேலைகளே. தொற்று குறைந்தால் மருந்தின் தேவையும் குறைகிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம சபைக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். கழிவுநீர் மாதிரியின் முடிவை அன்றைய சபையில் வாசிக்கும்படி வாரியத்துக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதுவதற்கு, பஞ்சாயத்துத் தலைவருக்குப் பிப்ரவரி மாதம் போதுமானது.